படத்தில் இல்லாத கை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

படத்தில் என் கை இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன். பிடுங்கிப் போட்ட தேயிலை வேரில் நான் கடைந்த கிண்ணம் அது. மரம் கடைபவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் போட்டிருக்கிறான், ஏந்தியிருந்த என் கையை மட்டும் வெட்டிவிட்டு.

"வேர் வெடிக்காம எப்படிக் கடைஞ்சீங்க தம்பி?" என்று தலவாக்கலைக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

"ஏண்ணே வெட்டுன?" என்று அண்ணனிடம் கேட்டேன்.

"வளையல் தெரிஞ்சா சிரிப்பானுங்க. பொம்பளப் புள்ள கடைஞ்சதுன்னு எவன் நம்புவான்?"

மரம் கடையும் லேத்தில் நிற்கும்போது வளையலைக் கழற்றிவிடுவேன். படத்துக்காகத்தான் ஆசையாகப் போட்டிருந்தேன்.

அவன் குளிக்கப் போனதும் வளையல்களைக் கிண்ணத்துக்குள் போட்டுப் படம் எடுத்தேன். "தம்பி இல்ல, தங்கச்சி. மரச் சீவலுக்குள்ள மூடிக் காய வச்சேன்" என்று எழுதி, அவன் போனிலிருந்தே குழுவுக்கு அனுப்பினேன்.