முத்துசாமி பிசைந்த பச்சடி

லெம்பு ரோடு, சிங்கப்பூர்
10-6-1958

அன்பு மகள் மங்களத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். சிரம்பானில் நீயும் மாப்பிள்ளையும் பச்சைக் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைத்துவிடாதே. நானேதான் எழுதுகிறேன். மாலை வகுப்பில் இந்த வயதில் கற்றுக்கொண்டது. ஒவ்வொரு வரி முடிந்ததும் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்க்கிறேன்; சிரிப்பு வருகிறது. முதல் கடிதத்தில் நல்ல சேதி மட்டும் எழுத ஆசைப்பட்டேன்.

எங்கள் மெஸ்ஸில் டைபாய்டு. பாதிப் பேர் ஆஸ்பத்திரியில். என் பக்கத்துக் கட்டில் பாலகிருஷ்ணன் நேற்று இறந்துவிட்டான்.

சுகாதார இன்ஸ்பெக்டர் அருளானந்தம் வந்தார். நன்றாக இருப்பவர்களையும் உட்காரவைத்து, எதைச் சாப்பிட்டீர்கள், எதைத் தொடவில்லை என்று கேட்டார். எனக்குத்தான் ஒன்றுமில்லையே என்றேன். "அதான் பெரியவரே கேக்குறேன். எதைச் சாப்பிடாம நீங்க தப்பிச்சீங்கன்னு தெரியணும்" என்றார். சோறும் மீன் குழம்பும் எல்லாரும் சாப்பிட்டதுதான். பல் இல்லாததால் நான் வெங்காயப் பச்சடியைத் தொடுவதில்லை. படுத்தவர்கள் அத்தனை பேரும் அதைச் சாப்பிட்டவர்கள். அடுப்பில் ஏறாத பண்டம் அது ஒன்றுதான். அதைக் கையால் பிசைந்தவன் எங்கள் சமையல்காரன், உன் முத்துசாமி சித்தப்பா.

முன்பு எங்கே சமைத்தான் என்று கேட்டார். நானும் பெருமையாகச் சொன்னேன்: தெம்பனிஸ் மணல் குவாரி, அதற்கு முன் சுவா சூ காங் தோட்டம். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். இரண்டு இடத்திலும் இதே காய்ச்சல் வந்ததாம். "அவருக்கு ஒண்ணும் செய்யாது. கிருமி வயித்துல தங்கி, கை வழியா மத்தவங்களுக்குப் போகும்" என்றார்.

மலம் சோதிக்க வேண்டும் என்றதும் முத்துசாமி சிரித்தான். "எனக்கு என்னா சீக்கு லா? தும்மினதுகூட இல்ல" என்றான். இன்று காலை அவன் பெட்டியைக் காணோம். சிரம்பானில் பேரனுக்குப் பேர் வைக்கும் விருந்துக்குப் போகிறேன் என்று காவல்காரரிடம் சொல்லியிருக்கிறான்; உன் வீட்டுக்குத்தான். வழியில் குளுவாங்கில் ஒரு நாள் தங்கினால் தேவலை; இந்தக் கடிதம் அவனுக்கு முந்தி வந்துவிடும்.

எங்களை வெளியூர் போக விடவில்லை. தந்தி அடித்தால் நாலு சொல்லில் அவன் பெயர் கெடும். கடிதம் எழுதித் தருகிற ஆளிடமும் சொல்லக்கூடிய சேதி இல்லை. அதனால் என் கையாலேயே எழுதி, இன்று ரயிலேறும் கடைக்கார ஹனீபாவிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளை இன்ஸ்பெக்டர் கேட்டால் அவன் போன இடத்தைச் சொல்லிவிடுவேன். அதற்கு முன் உனக்குத் தெரியட்டும்.

அவன் வந்தால் வாசலில் நிறுத்திப் பேசாதே. உட்காரவைத்து நீயே பரிமாறு. அடுப்படிக்குள் மட்டும் விடாதே. குழந்தைக்கு முதல் சர்க்கரைத் தண்ணீரைச் சித்தப்பாதான் விரலால் தொட்டு வைக்க வேண்டும் என்று நீயே சொல்லியிருந்தாய். அதற்காகத்தான் அவன் இவ்வளவு தூரம் வருகிறான். ஏற்கெனவே வைத்துவிட்டான் என்றால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போ.

உன் அம்மா போன பிறகு உனக்குச் சோறு ஊட்டியது அந்தக் கைதான். அதை நினைத்து மனம் இளகிவிடாதே, மகளே. குழந்தையை உன் மடியிலேயே வைத்துக்கொள்.

உன் அப்பா,
அழகப்பன்