அட்டையை வாங்கி வைத்துக்கொண்டேன்

மார்ச் 5, ஞாயிறு
பதினெட்டு வருடம் இருந்த குவைத்தில், "என் காரை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று உரிமையோடு சொல்ல ஒரு ஆளின் பெயர்கூட ஏன் தோன்றவில்லை?

ஆய்வுக்கூட வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. விசாவை ரத்து செய்வதற்கு முன் கார் என் பெயரிலிருந்து போயாக வேண்டும். விளம்பரத்தில் 'ஊருக்குப் போகிறேன்' என்று எழுதவில்லை. தெரிந்தால் கடைசி நாள்வரை இழுத்தடித்து அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள்.

மார்ச் 7
ஒருவர் வந்தார். டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

மார்ச் 9, வியாழன்
ரஃபத் என்று ஒரு எகிப்தியர், பள்ளியில் கணித ஆசிரியர். மனைவியும் மகளும் அடுத்த வாரம் முதல்முறையாக இங்கே வருகிறார்களாம். விமான நிலையத்திலிருந்து சொந்தக் காரில் கூட்டிவர ஆசை. எஞ்சினை ஓடவிட்டுச் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டார். "டாக்டரம்மா, இது என்னைவிட நல்லா மூச்சு விடுது." நான் டாக்டர் இல்லை என்று சொல்லியும் விடவில்லை. சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. விலை பேசி முடித்தோம். ஞாயிறு மாலை ஓட்டிப் பார்க்க வருகிறார்.

பக்கத்து வீட்டு மலையாளி நர்ஸ் சூசம்மாவிடம் சொன்னேன். "சேச்சி, அவரோட குடியிருப்பு அட்டையை வாங்கி வெச்சுக்கிட்டுச் சாவியைக் கொடுங்க. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க." வெளிநாட்டுக்காரர்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அட்டை அது; அது இல்லாமல் யாரும் எங்கும் ஓடிவிட முடியாது என்பது கணக்கு.

மார்ச் 12, ஞாயிறு


நீங்களும் வாருங்கள் என்றுதான் ரஃபத் கூப்பிட்டார். அறிமுகமில்லாதவரோடு ஏற மனமில்லை. அட்டையைக் கேட்டேன். ஒரு கணம் என்னைப் பார்த்தார். "கிளாஸ்ல பசங்க போனை நானும் இப்படித்தான் பிடுங்கி வெச்சுக்குவேன்" என்று சிரித்தபடி கொடுத்தார்.

பக்கத்தில் ஒரு சுற்று என்று போனவர் வரவில்லை. போனை எடுக்கவில்லை. இருட்டத் தொடங்கியது. போலீஸில் புகார் கொடுக்கச் சொன்னாள் சூசம்மா. எனக்குப் பயம்கூட இல்லை — நான் சந்தேகப்பட்டது சரிதான் என்று ஒரு திருப்தி. எழுதவே கூசுகிறது.

காவல் நிலையத்துக்குள் நுழைந்தால், பெஞ்சில் ரஃபத்.

சாலையில் சோதனையாம். அட்டை எங்கே என்றிருக்கிறார்கள். கார் சொந்தக்காரியிடம் இருக்கிறது என்று சொன்னதை யாரும் நம்பவில்லை. போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள். அட்டை இல்லாமல் பிடிபட்டவர்களை ஏற்றிப்போக வெளியே வண்டி நின்றது. அதில் ஏற்றிவிட்டால் விஷயம் நாடு கடத்தும்வரை போகலாம். குடும்பம் வர நாலு நாள் இருக்கும்போது. அட்டை என் கைப்பையில்.

மேசையில் வைத்தேன். இது எப்படி உன்னிடம் என்றார் அதிகாரி. நானே கேட்டு வாங்கினேன் என்றேன். அடுத்தவர் அட்டையை வைத்திருப்பது தவறு என்று தெரியாதா? தெரியும் என்றேன். வெகுநேரம் திட்டினார். நின்று கேட்டுக்கொண்டேன். கடைசியில் கார் சாவியை என்னிடம் கொடுத்து இருவரையும் போகச் சொன்னார்.

வாசலில் ரஃபத் மெதுவாகக் கேட்டார்: "நான் இங்க இருக்கேன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க, டாக்டரம்மா?"

யாரும் சொல்லவில்லை. அவர்மேல் புகார் கொடுக்க வந்தவள் நான்; தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

நாளை பெயர் மாற்றப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வருவாரா? நானாக இருந்தால் வரமாட்டேன்.

மார்ச் 13, திங்கள்
வந்தார். பேசிய விலையில் ஒன்றும் குறைக்கவில்லை. கையெழுத்துப் போட்டோம். சாவியைக் கொடுத்தேன். நேற்று நடந்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றேன். தலையை அசைத்தார், மன்னித்தாரா என்று சொல்ல முடியாது.

காரில் ஏறியபின் கண்ணாடியை இறக்கி, "வீட்டுல விட்டுடவா?" என்றார். வேண்டாம், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றேன்.

எகிப்தியர்கள் இதை ஒருமுறை கேட்டு நிறுத்துகிறவர்கள் இல்லை. மறுத்தால் ஆண்டவன்மேல் ஆணையிட்டு, கதவைத் திறந்துவைத்து, நாம் ஏறும்வரை கூப்பிடுவார்கள்.

ரஃபத் "சரி" என்றார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்.

பேருந்து வர நேரமாயிற்று.