குக்கருக்குள் போன்

வியாழன், ஜூன் 5
காலையிலிருந்து மழை. உடுப்பு ஒன்றும் காயவில்லை. லெட்டர் பெட்டியில் கடிதம், பாதி நனைந்து.

ஏப்ரலில் நான் எழுதிக் கேட்டதற்குப் பதில். என்னைப் பற்றி இந்த நாட்டு உளவுத் துறை ஏதாவது வைத்திருக்கிறதா என்று கேட்டிருந்தேன். இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல இயலாதாம். அவ்வளவுதான். கையெழுத்துக்கூட விளங்கவில்லை.

"இல்லை" என்று ஒரு சொல் வந்திருந்தால் போதும். என் மனுசன் முகத்துக்கு முன்னால் நீட்டிவிட்டு அண்ணாவுக்குப் போன் எடுத்திருப்பேன். அண்ணா முன்னாள் போராளி, இப்போது கிளிநொச்சியில் சைக்கிள் கடை. அந்த நம்பரை ஒரு தரம் அமத்தினாலே இங்கே எங்களுக்கு ஃபைல் திறந்துவிடுவார்கள் என்று ஒன்பது வருசமாக இவர் விடவில்லை.

கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். "பாத்தீரோ, இல்லை எண்டு சொல்லேல்லை." சிற்றிசன்ஷிப் கிடைத்த அன்றுகூட மனுசன் இவ்வளவு சந்தோசப்படவில்லை.

வெள்ளி 6
பால், வெண்டிக்காய், இருமல் மருந்து. மகளிடம் கடிதத்தைக் காட்டினேன். "மம், நோபடி கேர்ஸ்" என்றாள், தலை நிமிராமல்.

சனி 7
தகனினியிலிருந்து இவருடைய சிநேகிதர் சிவமும் மனைவியும் சாப்பிட வந்தார்கள். வாசலிலேயே எல்லாருடைய போனும் பிரஷர் குக்கருக்குள். இவருடைய சட்டம். மூடி வைத்தால் ஒட்டுக்கேட்க முடியாதாம். போன மாதம் மூடியபடியே உள்ளுக்குள் மணி அடித்தது. அதற்கும் திருந்தவில்லை.

கடிதத்தை வாசித்துக் காட்டினார். "எனக்கு இப்பிடி ஒண்டும் வரேல்லையே அண்ணை" என்றார் சிவம். அதிலும் பொறாமை.

நான் சொன்னேன்: "பென்ரோஸ் ஸ்டோரில பெட்டி அடுக்கிற ஆளை ஆர் ஒட்டுக்கேக்கப் போறான்? கொழும்பில பிடிச்சு வைச்சு மூண்டு நாள் அடிச்ச அடியில கழண்ட நட்டு, இன்னும் பூட்டுப்படேல்லை."

அந்த மூன்று நாளை இவர் எவரிடமும் கதைத்ததில்லை. எனக்கு மட்டும் சொன்னது. தெரிந்துதான் சொன்னேன். இவர் கை சோற்றிலேயே நின்றது. எனக்கு நல்லாக இருந்தது, பொய் ஏன்.

ஞாயிறு 8
இவர் ஓவர்டைம். கொழும்பில் படிக்கும் அண்ணா மகள் களவாக அனுப்பிய நம்பர் என்னிடம் இருக்கிறது. "அவசரத்துக்கு மட்டும் மாமி" என்று எழுதியிருந்தாள். அவசரம் ஒன்றும் இல்லை. எடுத்தேன்.

"ஆர்?"

"நான் வசந்தி, அண்ணா."

"வெளிநாட்டு நம்பரில இருந்து ஏன் பிள்ளை எடுத்தனீ? ஆர் எடுத்தது, ஏன் எடுத்தது எண்டு பொலிஸ்காரங்கள் வந்து நிப்பாங்கள். இனி எடுக்காத." வைத்துவிட்டார். கிழவன் குரல்.

இவர் வந்ததும் சொன்னேன்: "அண்ணாவோட அரை மணித்தியாலம் கதைச்சனான். உங்களையும் விசாரிச்சவர்." நேரே போய் யன்னல் சீலை எல்லாவற்றையும் இழுத்து மூடினார். நான் சிரித்துக்கொண்டே பருப்பு கழுவினேன்.

செவ்வாய் 10
வெயில். உடுப்பு காய்ந்தது.

பின்னேரம் அண்ணா மகளின் மெசேஜ். "மாமி, அப்பாவை நேற்று விசாரணைக்கெண்டு கூட்டிக்கொண்டு போனவங்கள். இன்னும் வரேல்லை. நீங்கள் போன் எடுத்தனீங்களோ?"

நான் வாசித்தது அவளுக்குத் தெரியும், நீலக் கோடு விழுந்துவிட்டது. பதில் போடவில்லை.

"ஆரின்ர மெசேஜ்?" என்றார் இவர்.

"வேலையிடத்தில இருந்து" என்றேன். போனைக் குக்கருக்குள் வைத்து மூடினேன்.