எண்பது நாள் ஸ்வெட்டர்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

நீ பின்னித் தந்த ஸ்வெட்டரின் கை, வேலைக் கோட்டுக்கு வெளியே நீண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் தைராய்டு நோயாளிகளுக்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடினை எடுத்துவைக்கும்போது ஒரு துளி அதில் பட்டுவிட்டது. என் தோலில் ஒன்றுமில்லை. இருமுறை அளந்து பார்த்தார்கள். பயப்படாதே.

ஸ்வெட்டரை ஈயப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அந்த அயோடின் எட்டு நாளில் பாதியாகும், அடுத்த எட்டில் அதிலும் பாதி. முழுதாகத் தீர்ந்தது என்று கணக்கு சொல்லாது. பத்து முறை பாதியானால் போதும் என்பது இங்கே வழக்கம். ஆக, எண்பது நாள்.

“உங்களுக்கு முன்னாடியே உங்க ஸ்வெட்டர் ரிட்டயர் ஆயிடுச்சே, பெரியவரே!” என்றாள் நர்ஸ். எல்லோரும் சிரித்தார்கள்.

ரிட்டயர் ஆகி ஊர் திரும்ப என் டிக்கெட் அறுபதாம் நாளுக்கு, பெட்டி திறக்க இருபது நாள் முன்பே. நீயும் ஒருமுறை எண்ணிப் பார். என் எண்ணிக்கைமேல் எனக்கு நம்பிக்கையில்லை. பயணத்தைத் தள்ளிப்போடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், ஸ்வெட்டர் இங்கேயே இருக்கட்டும்.

வேறொன்று பின்னிவை. கையை இரண்டு விரற்கடை குறைத்துவிடு. மார்பளவையும் பழையபடி வைக்காதே. நான்கு விரற்கடை குறை.

தபால்காரர் வந்துவிட்டார்.

உன்னவன்