ஸ்டெல்லா தட்டிய பிறகு

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து புழுக்கம். மறக்கக் கூடாதவை: நகம் வெட்ட, வகுப்பின் தரை மேட் துடைக்க (என் முறை), பஸ் பாஸ்.

மாலை ஆறரைக்கு ஜியு-ஜிட்சு வகுப்பு; தரையில் புரண்டு பிடிபோடும் மல்யுத்தம். கிழக்குத் தாம்பரம் மாடி ஹால், ஒரு ஃபேன் ஓடவில்லை. ஸ்டெல்லாவோடு ஜோடி. பல்லாவரத்தில் நர்ஸ். மூன்று மாதமாக ஒருமுறைகூட நான் அவளை ஜெயித்ததில்லை.

இன்று நான் மேலே. அவள் கீழே படுத்து என் வலது காலைத் தன் இரு கால்களாலும் பூட்டிக்கொண்டாள். இந்தப் பிடிக்கு ஹாஃப் கார்டு என்று பெயர். வழக்கமாக இதிலிருந்துதான் என்னைப் புரட்டுவாள். எழுவதற்காக என் அக்குளுக்குள் கையை விட்டாள். கோச் சொன்னபடி, அந்தக் கைக்கு அடியில் என் கையை நுழைத்து, அவள் கழுத்தைச் சுற்றி, மறுகையோடு பூட்டி இறுக்கினேன்.

அவள் உடல் தளர்ந்தது. குறட்டை போல ஒரு சத்தம். கோச் ஓடிவந்து அவள் கால்களைத் தூக்கிப் பிடித்தார். சில நொடிகள்தான். கண் திறந்தாள்.

"டூட்டிக்கு லேட்டாயிடுச்சா?"

கோச் என்னைப் பார்த்தார். "விடச் சொல்லி அவ தட்டலையா?"

"இல்ல சார். தெரியல."



ஜூலை 9, புதன்
ஆபீஸிலிருந்து திரும்பும் சிறுசேரி பஸ்ஸில் நின்றபடியே எழுதுகிறேன். வேலை ஓடவில்லை.

இங்கேயாவது உண்மை. தட்டினாள். என் விலாவில், இரண்டு முறை, தெளிவாக. தட்டினால் விட வேண்டும். நான் விடவில்லை. ஜெயித்தது போதவில்லை, இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது.

ஸ்டெல்லா மெசேஜ்: டாக்டர் பார்த்தாராம், ஒன்றுமில்லையாம்.

ஜூலை 11, வெள்ளி
தூறல். பல்லாவரத்தில் சந்தை நெரிசல். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்து ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டேன்.

"தெரியும். ரெண்டு தபா தட்டுனேன். இன்னாத்துக்கு வுடல?"

"ஜெயிக்கணும்னு..."

"என் கழுத்துடி அது."

ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

ஜூலை 14, திங்கள்
கோச்சிடமும் சொன்னேன். ஒரு வாரம் மேட் ஏறக் கூடாது, ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம் என்றார். பார்த்தேன். வீட்டில் புளித்துப்போன மாவைக் கொட்டினேன்.

ஜூலை 22, செவ்வாய்
வெயில். ஃபேன் சரிசெய்துவிட்டார்கள்.

"ஜோடி சேருங்க" என்றார் கோச். நான் தனியாக நின்றேன். ஸ்டெல்லா வந்தாள்.

"வா."

கீழே படுத்து என் காலைப் பூட்டினாள். என் கை கழுத்தைச் சுற்றிவிட்டது. இறுக்க முடியவில்லை. அதற்குள் என்னைப் புரட்டி, மேலேறி, என் காலரைப் பிடித்துக் கழுத்தை நெரித்தாள். கண்ணோரம் இருண்டது. தட்டினேன். விரல் பட்டதுமே விட்டாள்.

"பாத்தியா? இப்டி வுடணும்."

"ம்."

"மறுபடி. புடிச்சா நெஜமா புடி. நீ பயந்துகினு புடிச்சா நான் இன்னாத்த கத்துக்கிறது?"

கையை நுழைத்தேன். இறுக்கினேன். அவள் விரல்கள் எங்கே என்பதில்தான் முழுக் கவனமும். தட்டினாள். விட்டேன்.

இருமினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுபடி என் காலைப் பூட்டினாள்.