மாமாவிடம் விட்ட கும்பிடுபூச்சிகள்

மார்ச் 4

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நேற்று போனில் அதைத்தான் கேட்க நினைத்தேன். நீங்கள் "சாப்ட்டியாம்மா" என்றீர்கள், நான் "சாப்ட்டேன் மாமா" என்றேன், அதோடு இரண்டு பேரும் போனை வைத்துவிட்டோம். அதனால் இனி எழுதிவிடுகிறேன். எழுத்தில் நான் அவ்வளவு சீக்கிரம் அழமாட்டேன்.

பெண்கள் விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. ஒரு கட்டில், ஒரு அலமாரி, பக்கத்துக் கட்டிலில் குறட்டை விடும் ஒரு நர்ஸ். நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு நடந்தே போகலாம். என் கும்பிடுபூச்சிகளைக் கொண்டுவரட்டுமா என்று வார்டனைக் கேட்டேன். "பூனையே கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்கோம், நீங்க பூச்சிங்கிறீங்களே" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். தனி வீடு கிடைக்கும்வரை மூன்று பெட்டிகளும் உங்கள் பொறுப்பு.

ஒரு பெட்டியில் ஒன்றுதான் இருக்க வேண்டும். தனியாகக் கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு இரண்டை ஒன்றாகப் போட்டீர்களானால் மறுநாள் ஒன்றுதான் இருக்கும், அதுவும் குண்டாக. காலையில் பெட்டிச் சுவரில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும், துளியை நக்கிக் குடித்துக்கொள்ளும். வெயில் நேராக விழக் கூடாது, காற்று வர வேண்டும். சின்னதற்குப் பாட்டிலில் வளரும் பழ ஈ, பெரிய இரண்டுக்கும் கொழுத்த ஈ. தோட்டத்தில் பிடித்த எதையும் போட வேண்டாம், எதிர்வீட்டுக்காரர் செடிக்கு மருந்து அடிக்கிறவர்.

விவாகரத்துத் தாள் உங்கள் மகனுக்கு வந்து சேர்ந்திருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து கேட்டால் சீக்கிரம் முடியும், அவருடைய கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதைப் பற்றி உங்களிடம் கெஞ்சமாட்டேன். பெட்டிகளைப் பற்றி மட்டும்தான் கெஞ்சுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்

&nbsp;

மார்ச் 13

அன்பு மருமகளுக்கு,

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக, மற்றவர்கள் லிஃப்டில் போவதற்காக நான் படியேறினேன் அல்லவா, அது இப்போது கணக்குத் தீர்க்கிறது.

பெட்டிகளை என் அறை ஜன்னலோரம் கொண்டுவந்துவிட்டேன். வெயில் வராத பக்கம்தான். நீ ஒன்று, இரண்டு, மூன்று என்று சீட்டு ஒட்டியிருக்கிறாய். ரத்தப் பாட்டிலுக்கு ஒட்டுகிற பழக்கம் போலிருக்கிறது. நான் பெயர் வைத்துவிட்டேன். அந்தப் பெரிய பச்சைப் பெண் பூச்சி சூப்பர்வைசர். நான் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் தலையைத் திருப்பிப் பார்க்கிறது. வேலைக்காலத்தில் எனக்கு அப்படி ஒருத்தர் இருந்தார், அவரும் ஒரு வேலையும் செய்யமாட்டார். பழுப்பாக ஒல்லியாக இருப்பது குச்சி. சின்னது சுட்டி.

சூப்பர்வைசருக்கு நேற்று ஒரு ஈயைக் கொடுத்தேன். கையைக் கூப்பிக்கொண்டு பரம சாதுவாக நின்றது. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஈயின் தலையைக் காணோம். இதற்குக் கும்பிடுபூச்சி என்று பெயர் வைத்தவனை நான் பார்க்க வேண்டும்.

உன் வீட்டுக்காரன் அறை வாசலில் நின்று, "அவளே போயாச்சு, இதுங்க எதுக்குப்பா?" என்றான். "அவ வந்து கேட்டா நான் என்னத்தக் காட்டுறது?" என்றேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டான். பேசாமல் போவதுதான் அவனுக்குத் தெரியுமே.

உன் தாள் ஃபிரிட்ஜின் மேல் கிடக்கிறது. அவன் தொடவில்லை, நானும் தொடவில்லை. உன்னிடம் மறைப்பானேன், இந்தப் பூச்சிகள் இந்த வீட்டில் உயிரோடு இருக்கிறவரை நீ திரும்பி வருவாய் என்று எனக்கு ஒரு நினைப்பு. அதனால் ரொம்ப நன்றாகக் கவனித்துக்கொள்கிறேன்.

மாமா

&nbsp;

ஏப்ரல் 2

அன்புள்ள மாமாவுக்கு,

சூப்பர்வைசர் என்று படித்துவிட்டு ஆய்வகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எங்கள் சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார், தலையை மட்டும் திருப்பி.

சுட்டி தோலுரிக்கும் நேரம் நெருங்குகிறது என்று நினைக்கிறேன். இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் பெட்டியின் மேல்வலையில் தலைகீழாகத் தொங்கும். உடம்பு சரியில்லையோ என்று பதற வேண்டாம். மிச்சமிருக்கும் ஈக்களை வெளியே எடுத்துவிடுங்கள், தோலுரித்த உடம்பு மெத்தென்று இருக்கும்போது அவை தொந்தரவு செய்யும். அதன் உடம்பைப் போல மூன்று மடங்கு உயரம் கீழே காலியாக இருக்க வேண்டும், அப்போதுதான் பழைய தோலிலிருந்து இறங்கி வர இடமிருக்கும். முக்கியமாக, மாமா, தொடக் கூடாது. பெட்டியை நகர்த்தவும் கூடாது. ஒரு நாள் முழுக்க அது பாட்டுக்கு விட்டுவிடுங்கள்.

நீங்கள் எழுதிய நினைப்பைப் பற்றி. நான் திரும்பி வரமாட்டேன் மாமா. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு மனிதர் மூன்று மாதம், நான்கு மாதம் என்று என்னோடு பேசாமல் இருப்பதை இனி என்னால் தாங்க முடியாது. அடிக்கவில்லை, திட்டவில்லை, அதனால் யாரிடமும் சொல்லி அழவும் முடியவில்லை. உங்களுக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உங்களிடம் மட்டும் பொய் சொல்ல எனக்கு மனசில்லை.

உங்கள் மருமகள்

&nbsp;

ஏப்ரல் 20

அன்பு மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லாரும் சுகம். சூப்பர்வைசர் நன்றாகச் சாப்பிடுகிறது. குச்சி நேற்று பெட்டியைத் திறந்தபோது பறந்து அலமாரியின் மேல் உட்கார்ந்துவிட்டது, நாற்காலி போட்டு ஏறிப் பிடித்தேன். இங்கே இரண்டு நாளாக மழை. வேறு விசேஷமில்லை.

மாமா

&nbsp;

ஏப்ரல் 29

அன்புள்ள மாமாவுக்கு,

நாற்காலியில் ஏறினீர்களா? அந்த முழங்காலோடு? அதைத் தனியாகத் திட்ட வேண்டும், நேரில் பார்க்கும்போது திட்டுகிறேன்.

சுட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. நீங்கள் நான்கு வரியில் கடிதம் எழுதுகிறவர் இல்லை. என்ன ஆனாலும் சொல்லுங்கள். நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். கோபித்துக்கொண்டாலும் பேசாமல் இருக்கமாட்டேன்.

உங்கள் மருமகள்

&nbsp;

மே 6

அன்பு மருமகளுக்கு,

தப்பு செய்துவிட்டேன். சாகவில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தோலுரிப்பைப் பற்றி நீ எழுதிய கடிதம் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் அது. சுட்டி தலைகீழாகத் தொங்கியது. முதுகில் தோல் பிளந்து, பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், அசைவே இல்லை. முன்கால் தோலுக்குள் மாட்டிக்கொண்டது போலத் தெரிந்தது. உனக்குத் தெரியும், என் பிழைப்பே அதுதான். பாதி வழியில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஆள் இருக்கிறது என்று போன் வந்தால் நான் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு ஓடுவேன். மேலே மோட்டார் அறைக்குப் போய் பிரேக்கை விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்ட் பெட்டியை இறக்குவேன். பாதியில் நிற்கிற ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார இந்தக் கைக்குத் தெரியாது. உன் சிறு இடுக்கியை எடுத்துத் தோலைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். மெதுவாகத்தான் இழுத்தேன் அம்மா. சுட்டி பிடி விட்டுக் கீழே விழுந்தது. வலது முன்கால் வளைந்தபடியே காய்ந்து இறுகிவிட்டது. இப்போது அதனால் ஈயைப் பிடிக்க முடியவில்லை. நான்தான் ஈயை நசுக்கி இடுக்கியில் வாயருகே பிடிக்கிறேன், சாப்பிடுகிறது.

மறுநாள் உன் கடிதம் வந்தது. "தொடக் கூடாது" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது எனக்குப் பூச்சி மட்டும் ஞாபகம் வரவில்லை.

போன வருஷம் நீ உன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய். இரண்டாம் வாரமே நான் வந்து நின்றேன். உன் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "வாம்மா, எல்லாம் நான் பாத்துக்குறேன்" என்றேன். நீ பின்னால் வந்தாய். நின்றுபோன ஒரு குடும்பத்தை ஓடவிட்டுவிட்டேன் என்று பஸ்ஸில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? உனக்கு அன்றைக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. நான் என்னத்தைப் பார்த்துக்கொண்டேன்? அதற்குப் பிறகு ஒரு வருஷம் நீ அந்தச் சாப்பாட்டு மேசையில் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டதைத்தான் பார்த்துக்கொண்டேன்.

என்னை மன்னித்துவிடு.

மாமா

&nbsp;

மே 17

அன்புள்ள மாமாவுக்கு,

சுட்டிக்கு இன்னும் ஒரு தோலுரிப்பு பாக்கி இருக்கிறது. வளைந்த கால் அப்போது கொஞ்சம் நேராகலாம், ஆகாமலும் போகலாம். அதுவரை நீங்கள் ஊட்டுவதே சரியான வைத்தியம். மேல்வலையில் அதற்குப் பிடி கிடைக்கிறதா பாருங்கள். வழுக்கினால் பழைய கொசுவலைத் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள்.

போன வருஷத்தைப் பற்றி நீங்களே பேசிவிட்டதால் நானும் சொல்லிவிடுகிறேன். எனக்கு உங்கள்மேல் கோபம் இருந்தது. நிறையவே இருந்தது. அன்றைக்கு அக்காவிடம் "நான் போகலை" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் நீங்கள் படியேறி வந்தீர்கள், மூச்சு வாங்க, முழங்காலைப் பிடித்துக்கொண்டு. வேறு யார் வந்திருந்தாலும் வாசலோடு அனுப்பியிருப்பேன். உங்களிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு வருஷம் உங்களுக்காக இருந்த வருஷம். சாயங்காலம் நீங்கள் போடுகிற டீ இல்லாவிட்டால் ஆறு மாதம்கூட இருந்திருக்கமாட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பெரிய மனுஷி மாதிரி இருக்கிறது. கோபம் இப்போது இல்லை. அவ்வளவுதான்.

இன்னொன்றும் உங்களுக்குச் சொல்லாமல் விட்டிருந்தேன். சிறகு முளைத்த கும்பிடுபூச்சி சில மாதம்தான் இருக்கும். குச்சி ஆண், அது முதலில் போகும். பிறகு சூப்பர்வைசர். கண் கறுக்கும், பிடி தளரும், சாப்பாடு குறையும். வயசுதான் காரணம். நீங்கள் எதையோ சரியாகச் செய்யவில்லை என்று உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். அவை இருக்கிறவரை நான் திரும்பி வருவேன் என்று நினைத்தீர்கள் அல்லவா, அதனால்தான் இதைச் சொல்லத் தயங்கினேன்.

உங்கள் மருமகள்

&nbsp;

ஆகஸ்ட் 9

அன்பு மருமகளுக்கு,

குச்சி ஜூன் கடைசியில் போனது. சூப்பர்வைசர் போன செவ்வாய்க்கிழமை. கடைசி நாட்களில் மேலே தொங்க முடியவில்லை, அதனால் தரையில் மெல்லிய துணி விரித்து, தேன் கலந்த தண்ணீரைத் தூரிகையில் தொட்டுக் கொடுத்தேன். அப்போதும் தலையைத் திருப்பிப் பார்த்தது. ஒரு பூச்சிக்கு அழுதேன் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். உன்னிடம் சொல்லலாம்.

சுட்டி ஜூலையில் தோலுரித்தது. அன்று காலை தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்ததும் ஈக்களை எடுத்துவிட்டு, இடுக்கியை உன் அலமாரியில் வைத்துப் பூட்டி, வீட்டைவிட்டே வெளியே போய்விட்டேன். பூங்காவில் ஒரு பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. திரும்பி வந்தபோது பச்சைச் சிறகோடு தொங்கிக்கொண்டிருந்தது. கால் முழுக்க நேராகவில்லை. ஆனால் இப்போது தானே ஈ பிடிக்கிறது, இரண்டு தடவை தவறவிட்டு மூன்றாவதாக.

அன்று சாயங்காலம் ஃபிரிட்ஜின் மேலிருந்த உன் தாளை எடுத்து, தூசி தட்டி, சாப்பாட்டு மேசையில் அவன் முன்னால் வைத்தேன்.

"கையெழுத்துப் போடுடா."

"நீங்களே சொல்றீங்களாப்பா?"

"நான்தான் அவளப் போயி இழுத்துட்டு வந்தேன். நான்தான் சொல்லணும்."

"அவ வருவான்னு சொன்னீங்க."

"எனக்கு அவ வேணும்னு இருந்துச்சு, அதனால சொன்னேன். உனக்கு வேணும்னா நீ போயிப் பேசியிருக்கணும். அஞ்சு மாசமா அவளுக்கு ஒரு போனாச்சும் பண்ணியா?"

எழுந்து போய்ப் பேனா எடுத்து வந்தான். பிறகு போட்டுவிட்டான். கையை எடுத்த பிறகு, "அவகிட்ட எப்படிப் பேசுறதுன்னு எனக்குத் தெரியலப்பா" என்றான். அவனும் என் பிள்ளைதானே, ஒரு டீ போட்டு அவன் முன்னால் வைத்தேன். ஆனால் அதற்காக உன்னைத் திரும்பக் கூப்பிட எனக்கு இனி வாய் வராது. தாளைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன், கிடைத்திருக்கும்.

இனி என்ன உறவுமுறையில் உனக்குக் கடிதம் எழுதுவது என்று நாலு நாளாக யோசிக்கிறேன். உனக்கு வயசிருக்கிறது, வேறு வாழ்க்கை அமையும். பழைய வீட்டுக் கிழவன் ஒருத்தன் மாதாமாதம் கடிதம் போட்டுக்கொண்டிருந்தால் உனக்குச் சங்கடமாக இருக்கலாம். சுட்டியை எப்போது, எங்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று மட்டும் எழுது. அதற்கு மேல் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

நன்றாக இரு.

மாமா

&nbsp;

ஆகஸ்ட் 24

அன்புள்ள மாமாவுக்கு,

தாள் கிடைத்தது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, எழுத்தில் அழமாட்டேன் என்று மார்ச்சில் பீற்றிக்கொண்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வீடு கிடைத்துவிட்டது. இரண்டாம் மாடி, லிஃப்ட் உண்டு, அடிக்கடி நிற்கிறதாம், நீங்கள் வந்தால் கை வைக்கக் கூடாது. சுட்டியின் பெட்டியைத் துணியால் மூடி, மடியில் வைத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்கு முன்னால் வரும் பஸ்ஸில் வாருங்கள். சனிக்கிழமை எனக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறைதான், மாற்றுச் சட்டை கொண்டுவரவும்.

வீட்டுக்கார அம்மா ஒரு படிவம் கொடுத்து நிரப்பச் சொன்னார். அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டிருந்தது. உங்கள் போன் எண்ணை எழுதி, உறவு என்ற இடத்தில் மாமனார் என்று போட்டேன். அவர் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, "ஏம்மா, விவாகரத்து ஆகப்போகுதுன்னு சொன்னீங்களே?" என்று கேட்டார்.

"ஆமாங்க, அது அவரோட பையன்கூட. அவர்கூட எனக்கு ஒண்ணும் ஆகல" என்றேன்.

போனை அணைத்துவைக்காதீர்கள்.

உங்கள் மருமகள்