ஆற்றின் இந்தக் கரை எனக்கு

என் அன்பு எஸ்தர் அப்பாவுக்கு,

எஸ்தர் மகள் ஜெனி பெங்களூரில் வேலையில் சேர்ந்து, முதல் லீவுக்கு வந்திருக்கிறாள். நம் மகன் சாமுவேலின் பெரியவன், நீங்கள் கடைசிவரை காண்ட்ராக்ட் ஆளாகவே இருந்த அதே கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் பர்மனென்ட் ஆகிவிட்டான். சின்னவள் பத்தாவதில் கணக்கில் நூற்றுக்கு நூறு. என் பேத்திதானே! பெருமையை அடக்கி எழுத எனக்குத் தெரியாது.

இதெல்லாம் சந்தோஷ சமாச்சாரம். இனி எழுதப் போவது சண்டை.

நீங்கள் வேலையிலிருந்து நின்ற வருஷம் ஜெனி வாங்கித் தந்த அட்டை ஆட்டம் நினைவிருக்கிறதா? சாயங்கால டீக்குப் பிறகு இருவரும் உட்காருவோமே. சதுர அட்டையை ஒவ்வொன்றாக எடுத்து, பாதைக்குப் பாதை, வயலுக்கு வயல், கோட்டை மதிலுக்கு மதில் பொருத்தி வைக்க வேண்டும். வைத்த அட்டையில் நம் மரப் பொம்மையை வைத்தால் அந்த இடம் நமக்கு. ஒருவர் ஆள் இருக்கிற வயலில் இன்னொருவர் இறங்கக் கூடாது.

எப்போதும் நீங்கள்தான் முதலில். எடுத்த எடுப்பிலேயே உங்கள் மஞ்சள் பொம்மையை வயலில் படுக்க வைத்துவிடுவீர்கள். அந்த வயல் பாய் மாதிரி விரிந்துகொண்டே போகும். கடைசியில் மார்க்கெல்லாம் உங்களுக்கு. நான் ரோடு போட்டுக்கொண்டே இருப்பேன்.

"எங்கப்பன் ஊத்துக்கோட்டைப் பக்கம் அடுத்தவன் கழனியிலயே கெடந்து செத்தான். இதுலயாச்சும் எனக்கு ஒரு காணி இருக்கட்டுமே, இன்னாமே?" என்பீர்கள். அதைக் கேட்ட பிறகு எதிர்த்து ஆட எனக்கு மனசு வராது.

ஆனால் அதே கழனியில் நானும்தானே நாற்று நட்டேன்? அஞ்சாவதோடு என் படிப்பை நிறுத்தியது அந்தச் சேறுதானே? உனக்கும் ஒரு காணி வேண்டுமா என்று ஏன் ஒரு நாளும் கேட்கவில்லை?

நீங்கள் போன பிறகு நம் சாமுவேல் அந்தப் பெட்டியை உங்கள் படத்துக்குக் கீழே வைத்து, அதற்கும் ஒரு மாலை போட்டுவிட்டான். போன ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்ததும் ஜெனி ஒரு சின்னப் பாக்கெட்டை நீட்டினாள். அதே ஆட்டத்தோடு சேர்க்கப் புதிதாகப் பன்னிரண்டு அட்டை. எல்லாவற்றிலும் ஆறு ஓடுகிறது. மலையடியில் தொடங்கி ஏரியில் முடிகிற அந்த ஆற்றை முதலில் வைத்துவிட்டுத்தான் மற்ற அட்டைகளை எடுக்க வேண்டுமாம்.

சாமுவேலுக்கு முகம் சுருங்கிவிட்டது. "புச்சா எதையும் சேக்காதம்மா. நைனா ஆட்டத்த அப்டியே உட்ரு. அவரு நெனப்பா இருந்துக்கினு போட்டும்."

"அது உங்க நைனா ஆட்டம்னா, என் ஆட்டம் எங்கடா?" மாலையைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தேன். "அவருக்குப் பதிலா நீ ஆடு. வா, குந்து."

உங்களைப் போலவே ஆடினான். ஆறு முடிந்த கையோடு மஞ்சள் பொம்மையை ஒரு கரையில் படுக்க வைத்தான். எதிர்க்கரை காலியாக இருந்தது. அத்தனை நாளும் ஒரே வயலாகக் கிடந்த தரையைப் பன்னிரண்டு அட்டை இரண்டாக்கிவிட்டது. என் சிவப்புப் பொம்மையை அங்கே படுக்க வைத்தேன்.

"இன்னாம்மா, ஒரே ஊட்ல ரெண்டு பட்டாவா?"

"ஆமாண்டா. உங்கப்பனுக்கு அந்தாண்ட, எனக்கு இந்தாண்ட."

அவன் லேசுப்பட்டவனா? இன்னொரு மஞ்சள் ஆளையும் அவன் கரையில் இறக்கி, ஏரியைச் சுற்றி வயல் அட்டையாக வைத்துக்கொண்டே வந்தான். இரண்டு கரையும் சேர்ந்தால், ஆள் அதிகம் இருக்கிறவருக்கே மொத்த வயலும். இன்னும் ஓர் அட்டை வைத்தால் என் காணி போச்சு. அப்போது எனக்கு மதில் அட்டை வந்தது. ஏரியோரம் வைத்து, இரண்டு வயலும் சேராதபடி அடைத்தேன்.

மார்க்கை நானே எண்ணினேன். "நீ அஞ்சாவது, கணக்க நான் பாத்துக்கறேன்" என்று தட்டிவிட நீங்கள் இல்லை. நாலு மார்க்கில் ஜெயித்தேன்.

"நைனா இருந்தா எல்லாத்தையும் கலச்சி உட்டுட்டு எழுந்து பூட்டிருப்பாரு," என்றான் சாமுவேல்.

"கலைக்கட்டுமே. மறுபடியும் வெப்பேன்."

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. கலைத்திருப்பீர்களா? இல்லை, சிரித்திருப்பீர்களா?

பெட்டிக்கு இனி மாலை கிடையாது. ஞாயிறுதோறும் திறப்பேன். உங்கள் மஞ்சள் ஆளுக்கு எப்போதும் ஒரு கரை உண்டு. விட்டுக்கொடுத்து மட்டும் ஆட மாட்டேன், இது சத்தியம்.

சுவரில் இருக்கிற படத்தில் இன்னும் ஜெயித்தவர் மாதிரியே பார்க்கிறீர்கள். அது இனிப் பொருந்தாது. அங்கிருந்து ஒரு புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் போடுங்கள். தோற்ற முகத்தோடு.

இப்படிக்கு,
எதிர்க்கரையிலிருந்து உங்கள் மனைவி,
எஸ்தர் அம்மா